வெண்டெல் பிக்கப்பின் ஹீட்டருக்கு மூச்சு வந்தது

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சர்ச்சிலிருந்து வீடு திரும்பும் வழியில், வெண்டெல் ட்வெட்டன் ஒரு மாபெரும் சபதம் செய்தார். செய்யும்போது ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை முன்கண்ணாடியின் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. உள்பக்கமாக.

வடக்கு டகோட்டாவில் வெளிப்பக்கம் சுரண்டாத மனிதன் கிடையாது. உள்பக்கமும் சுரண்டுகிறவன் பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

வெண்டெலின் பிக்கப்புக்கு வயது முப்பத்தெட்டு. எஞ்சின் சிங்கம். கியர் புலி. ஹீட்டர் மட்டும் சவலைப் பூனை. குமிழை நாலாம் எண்ணுக்குத் திருகினால் பெரிதாகச் சத்தம் வரும், காற்று வராது. தேர்தலில் நிற்கிறவர் மாதிரி. காற்று வரும் துளையில் கையை வைத்தால், பக்கத்து ஊரில் யாரோ பெருமூச்சு விடுவது போல லேசாக ஏதோ படும். அவ்வளவுதான்.

வீட்டில் இருந்த காரை இளைய மகள் இலையுதிர் காலத்திலேயே கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆகவே மனைவி ஆர்டிஸுக்கும் இனி இந்தப் பிக்கப்தான். பக்கத்து இருக்கையில், இடுப்புக்குக் கீழே கம்பளி, கம்பளிக்கு மேலே இன்னொரு கம்பளி, அதற்கு மேலே முழங்கால் வரைக்கும் தொங்கும் சிவப்பு இறகுக் கோட்டு என்று மூட்டை மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"வெண்டெல், எனக்குக் கால் இருக்கா பாரு."

"இருக்கு. ரெண்டு இருக்கு."

"எண்ணிச் சொன்னதுக்கு நன்றி. பதினோரு வருஷமா இந்த வண்டியில ஏறினா முழங்காலுக்குக் கீழ எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல."

"மைனஸ் இருபத்தெட்டு ஆர்டி! எல்லார் வண்டியும் இப்படித்தான் இருக்கும்."

"கோர்டி பொண்டாட்டி அவங்க வண்டியில கையுறைகூட இல்லாம வர்றா. ஓடுற வண்டியில நகத்துக்குச் சாயம் பூசிக்கிறா!"

"அது புது வண்டி. உக்கார்ற இடத்துக்குக் கீழகூட சூடு வெச்சிருக்கான். ஆம்பளைங்க ஓட்டுற வண்டியா அது?"

"நான் ஆம்பள இல்லியே."

"என் வண்டியைப் பத்தித் தப்பாப் பேசாத."

"நான் ஏன் பேசறேன்? இதுக்குச் சூடும் கிடையாது, சொரணையும் கிடையாது. பேசி என்ன ஆகப்போகுது?"

இது சுருக்கென்று தைத்தது. வெண்டெல் சுரண்டுவதை நிறுத்தினார். முப்பது வருஷம் தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். இரண்டாயிரம் மூட்டைக் கோதுமையை ஒரு விசிறியால் உலர்த்திய மனிதர். அவருக்கா காற்றைப் பற்றிச் சொல்வது?

"கேட்டுக்கோ," என்றார். "வர்ற சனிக்கிழமை இதே வண்டியில உன்னை டன்வால் கூட்டிட்டுப் போறேன். இருபத்திரண்டு மைல். ஊர் எல்லை வர்றதுக்குள்ள நீயே அந்தக் கோட்டைக் கழட்டி எறியப் போற. வேகுதுன்னு கத்தப் போற."

"கழட்டலன்னா?"

"கழட்டலன்னா நீ என்ன சொன்னாலும் செய்றேன்."

சொல்லி முடித்த அடுத்த நொடியே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. ஏனென்றால் கம்பளி மூட்டைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அதில் மஞ்சள் நிறக் காகிதம் ஒன்று இருந்தது. அது எத்தனை நாளாக அங்கே காத்திருந்ததோ.

"டன்வால் மன்றத்துல போல்கா நடன வகுப்பு. தம்பதிகளுக்கு மட்டும். எட்டு சனிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிக்கு."

"சனிக்கிழமை மத்தியானமா? அது நானும் கோர்டியும் ஏரிக்குப் போற நேரமாச்சே! பனியில ஓட்டை போட்டு மீன்…"

"கோட்டைக் கழட்டிட்டேன்னா இந்தப் பேச்சை ஜென்மத்துக்கும் எடுக்க மாட்டேன். நீ ஓட்டைக்குப் பக்கத்துலயே குடியிருக்கலாம். கழட்டலன்னா எட்டு சனிக்கிழமையும் நீ என்கூட ஆடணும். சரியா?"

"சரி."

"கோட்டு மட்டும்தானே?"

"கோட்டு மட்டும்தான்."

"நானா கழட்டணும். நீ கழட்டச் சொல்லி நச்சரிக்கக் கூடாது."

"நான் வாயே திறக்க மாட்டேன். ஹீட்டர் பேசும்."

ஆர்டிஸ் திரும்பி அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் தபால் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த முகம் அது. அதில் எதையும் படிக்க முடியாது.

"வெண்டெல்," என்றார். "உனக்குக் குளிர் விட்டுப்போச்சு."

"சனிக்கிழமை உனக்கும் விட்டுப்போயிரும்," என்றார் வெண்டெல்.

மறுநாள் காலையிலேயே பிக்கப்பைக் கொட்டகைக்குள் ஏற்றியாகிவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் கோர்டி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். அறுவடை இயந்திரங்களைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை அவருடையது. ஆனால் மற்றவர் வண்டி என்றால் அந்தக் கை காபிக் கோப்பையை விட்டு நகராது. வாய்தான் வேலை செய்யும்.

"எஞ்சின்லேர்ந்து உள்ள போற ரப்பர் குழாய் ரெண்டையும் தொட்டுப் பாருய்யா."

தொட்டார். உதறினார். "சுடுது!"

"அப்ப தண்ணி நல்லாத்தான் ஓடுது. சூடு இருக்கு, காத்துதான் இல்ல. எங்கயோ மூக்கடைப்பு. கண்ணாடிக்குக் கீழ காத்து உள்ள போற வழியைத் திற."

துடைப்பான்களைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருந்த கம்பி மூடியை வெண்டெல் தூக்கினார். உள்ளே காற்று போகும் வழி தெரியவில்லை. ஒரு காடுதான் தெரிந்தது. பதினோரு இலையுதிர் காலத்து இலைகள் அடுக்கடுக்காக அழுத்தி, அடியில் இருந்தவை மண்ணாகவே மாறியிருந்தன. ஒரு ஓரத்தில் சின்னதாகச் செடி ஒன்று முளைத்துச் செத்திருந்தது.

"கோதுமை போட்டிருந்தா அறுவடையே பண்ணியிருக்கலாம்," என்றார் கோர்டி.

கையால் அள்ளினார். கரண்டியால் அள்ளினார். மிச்சத்தை எடுக்க வீட்டுக்குள் போய், ஆர்டிஸின் புதுத் தூசு உறிஞ்சியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்தார். அது நன்றாகத்தான் உறிஞ்சியது, ஈர இலைகள் அதன் தொண்டையில் சிக்கும் வரை. பிறகு ஒரு விக்கல். கொஞ்சம் புகை. அதோடு சரி.

"அவகிட்ட என்ன சொல்லப் போற?" என்று கோர்டி கேட்டார்.

"போர்ல ஆள் சாகறது சகஜம்."

அடுத்தது விசிறி. இருக்கைக்கு முன்னால் தலைகீழாகப் படுத்து, மூன்று திருகாணிகளை அவிழ்த்து, கூண்டு போல உருண்டையாக இருந்த விசிறியை வெளியே இழுத்தார். அதற்குள் வீடு ஒன்று இருந்தது. எலி கட்டியது. இருக்கைப் பஞ்சு, சாலை வரைபடத்தின் பாதி, சர்ச்சில் கொடுத்த பாட்டுத்தாள் எல்லாம் சேர்த்துப் பாங்காகக் கட்டியிருந்தது. குடித்தனக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சாப்பாட்டுத் தட்டோடு வந்த ஆர்டிஸ் எட்டிப் பார்த்தார். வெண்டெல் அவசரமாகத் தூசு உறிஞ்சியின் மேல் ஒரு சாக்கைப் போட்டார்.

"ஓ! இத்தனை வருஷமா இந்த வண்டியில சூடா உக்காந்து வந்தது எலி மட்டும்தானா?"

"அதை வெளியேத்திட்டேன்."

"கொடுத்து வெச்ச எலி. அதுக்கு மட்டும் ஹீட்டர் வேலை செஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டுத் தட்டை வைத்தார். "அந்தச் சாக்கு ஏன் புகையுது?"

"சாக்கா? அது… பனிக்காலத்துல சாக்கு அப்படித்தான்."

ஆர்டிஸ் சாக்கைப் பார்த்தார். வெண்டெலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கத்தியிருந்தால் வெண்டெலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

காற்றை இங்கேயும் அங்கேயும் திருப்பிவிடும் உள்கதவுகளின் ஓரத்துப் பஞ்சு முழுக்க உளுத்துப்போயிருந்தது. அதனால் வந்த காற்றும் பாதி இடுக்கு வழியாக ஓடிவிடும். புதுப் பஞ்சு வேண்டும். தேடினார். ஆர்டிஸ் காலையில் தரையில் விரித்து உடற்பயிற்சி செய்யும் நீலப் பாய் கண்ணில் பட்டது. கச்சிதமான தடிப்பு.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வெண்டெல், என் பாய் ஏன் ஒரு முழம் குறையுது?"

"நீ வளர்ந்திருப்ப."

"அறுபது வயசுலயா?"

"இந்த ஊர்க் காத்து அப்படி."

"காத்துன்னு சொல்லாத. அதுக்குத்தான் இங்க இவ்வளவு அமர்க்களமும்."

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடத்திலிருந்து வலுவான விசிறி மோட்டார் ஒன்றையும் வாங்கி மாட்டியாயிற்று. எல்லாம் சரி. குமிழைத் திருகினால் ஓட்டுநர் பக்கம் புயல். தொப்பி பறந்தது. கோர்டி கைதட்டினார். ஆனால் ஆர்டிஸ் உட்காரும் பக்கத்தில் மட்டும் அதே பழைய பெருமூச்சு.

வெண்டெல் கையுறைப் பெட்டியைக் கழற்றி, கைவிளக்கை உள்ளே நீட்டினார். அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பக்கத்துக்குக் காற்று கொண்டுபோகும் குழாய் இணைப்பிலிருந்து நழுவி, வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. பதினோரு வருஷமாக அது கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்த இருட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

"இது தானா கழண்டதில்ல," என்று கோர்டி எட்டிப் பார்த்துச் சொன்னார். "யாரோ கைய விட்டு இழுத்திருக்கான். எந்த முட்டாள் அது?"

வெண்டெல் கைவிளக்கை வேறு பக்கம் திருப்பினார்.

"யோவ்?"

"ரேடியோ மாட்டினேன்ல," என்றார் வெண்டெல் மெல்ல. "அப்ப ஒயர் போக வழி இல்லன்னு…"

கோர்டி காபியை ஒரு மடக்குக் குடித்தார். "இதை அவகிட்டச் சொல்லாதய்யா. நான் பார்க்கவே இல்ல. இந்த வாளியில நான் உக்காரவே இல்ல."

வெண்டெல் குழாயைத் தூக்கி இணைப்பில் செருகினார். வெள்ளித்தாள் ஒட்டுநாடாவை மூன்று சுற்றுச் சுற்றினார். போதவில்லை என்று தோன்றி இன்னும் ஆறு சுற்றுச் சுற்றினார். இரண்டு கம்பளிக்கு மேலே தெரிந்த அந்த மூக்கு அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை கொஞ்ச நேரம் எங்கேயோ போய், அவள் கால் சூடானால் போதும் என்றிருந்தது. குமிழைத் திருகி, ஆர்டிஸின் பக்கமும் புயல் கிளம்பியதும் ஆசை திரும்பி வந்துவிட்டது.

சனிக்கிழமை. மைனஸ் முப்பத்தொன்று. வெயில் பளீரென்று அடித்தது. சூடு மட்டும் இல்லை. குளிர்காற்று எஞ்சினைத் தொடாதபடி ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து, அரைமணி முன்னதாகவே வண்டியை ஓடவிட்டு, வெண்டெல் வாசலில் நிறுத்தினார். உள்ளே ரொட்டி சுடலாம்.

ஆர்டிஸ் வெளியே வந்தார். கோட்டின் ஜிப் தாடை வரை ஏறியிருந்தது. கம்பளி ஒன்றுகூட இல்லை. துறைமுகத்துக்குள் வரும் கப்பல் மாதிரி நிதானமாக, கொஞ்சம் விறைப்பாக நடந்து வந்து ஏறி உட்கார்ந்தார். கறமுற என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம்?"

"உன் சீட்டுதான். அதை எப்ப சரி பண்ணப் போற?"

வண்டி கிளம்பியது. மூன்றாவது மைலில் வெண்டெல் தொப்பியைக் கழற்றினார். ஏழாவது மைலில் மேல்கோட்டு போனது. பத்தாவது மைலில் ஸ்வெட்டர். ஆர்டிஸ் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, பனி வயல்களை ரசித்துக்கொண்டு வந்தார்.

"எப்படி இருக்கு ஆர்டி?"

"நச்சரிக்கக் கூடாதுன்னு பேச்சு."

"நச்சரிக்கல. சும்மா கேட்டேன்."

"பரவால்ல. காத்து வருது. ஆனா லேசா சில்லுனு இருக்கு. இன்னும் கொஞ்சம் கூட்டேன்."

வெண்டெலின் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு ஸ்டியரிங்கில் விழுந்தது. நாலாம் எண்ணுக்குத் திருகினார். வண்டிக்குள் அனல் வீசியது. புருவம் பொசுங்குவது போலிருந்தது.

இருபதாவது மைலில் ரயில்வே கேட். தானிய ரயில். நூற்றுப் பத்துப் பெட்டிகள், அவசரமே இல்லாத ஓட்டுநர். வெண்டெல் பதின்மூன்று பெட்டி வரை தாக்குப்பிடித்தார். அப்புறம் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். முப்பதாவது பெட்டியில் சட்டையையே கழற்றிவிட்டு உள்பனியனோடு உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து நின்ற காரில் அவர்கள் சர்ச் பாதிரியார். ரோமத் தொப்பிக்குள்ளிருந்து, மைனஸ் முப்பத்தொன்றில் பனியனோடு வியர்த்துக்கொண்டிருக்கும் தன் சபை உறுப்பினரைப் பார்த்தார். மெதுவாகக் கை அசைத்தார். வெண்டெலும் அசைத்தார்.

"அவரு ஜெபம் பண்றாரு போலிருக்கு," என்றார் ஆர்டிஸ்.

அறுபதாவது பெட்டியில் வெண்டெலால் முடியவில்லை. ஜன்னலை நாலு விரல் இறக்கினார்.

"வெண்டெல்! ஜன்னலைச் சாத்து. குளிருது."

அவர் சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். நடிக்கிறாள் என்றுதான் நினைத்தார். ஆனால் ஆர்டிஸின் உதடு நிஜமாகவே லேசாக நீலம் பாரித்திருந்தது. பல் ஒருமுறை தந்தியடித்தது. வெண்டெல் பதறி அவருடைய கையைப் பையிலிருந்து இழுத்துப் பிடித்தார்.

ஐஸ்.

"ஆர்டி! உன் கை இப்படி இருக்கே! இங்க நான் வெந்துக்கிட்டிருக்கேன். உடம்புக்கு என்னம்மா?"

ஆர்டிஸ் கையை மென்மையாக விடுவித்துத் திரும்பப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. பதினோரு வருஷக் குளிர் வெண்டெல். ஒரே நாள்ல போயிருமா?"

கடைசிப் பெட்டி போனது. கேட் உயர்ந்தது. வெண்டெல் வண்டியை எடுக்கவில்லை. பக்கத்திலிருந்து பாதிரியார் ஹாரன் அடித்தார். அப்புறம்தான் எடுத்தார். ஒரு மைல் போனதும் தானாகவே ஆரம்பித்தார்.

"ஆர்டி, உன் பக்கத்துக் குழாய் கழண்டு கிடந்துச்சு."

"அப்படியா?"

"தானா கழண்டதில்ல. நான்தான். ரேடியோ மாட்டினப்ப."

ஆர்டிஸ் பனி வயல்களிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"பதினோரு வருஷம் முன்னாடியா?"

"ஆமா."

"அந்த ரேடியோ ஒரே மாசத்துல கெட்டுப்போச்சே."

"ஆமா. உன் தூசு உறிஞ்சியும் போச்சு. உன் பாயை வெட்டினதும் நான்தான். நீ கோட்டைக் கழட்டவே வேணாம் ஆர்டி. நான் தோத்துட்டேன். எட்டு இல்ல, பதினாறு சனிக்கிழமை வேணாலும் வர்றேன். ஏரி எங்கயும் ஓடிப்போகாது."

"பதினாறா?"

"பதினாறு."

"வசந்தகால வகுப்பும் சேர்த்தா சரியா பதினாறுதான் வரும்," என்றார் ஆர்டிஸ். "பேர் கொடுத்துடறேன். சட்டையைப் போட்டுக்கோ. ஊர் வந்திருச்சு."

மன்றத்து வாசலில் ஆர்டிஸ், "நீ உள்ள போ, நான் பூட்ஸைத் துடைச்சிட்டு வர்றேன்," என்று கொஞ்சம் பின்தங்கினார். வெண்டெல் ஒரு மணி நேரம் ஆடினார். ஆடினார் என்பதைவிட, கிடங்கில் மூட்டை நகர்த்துவது போல ஆர்டிஸை இங்கிருந்து அங்கே நகர்த்தினார் என்று சொல்லலாம். சொல்லிக்கொடுத்த அம்மாள் விசில் ஊதிய போதெல்லாம் அது அவருக்காகத்தான் இருந்தது. ஆனால் கடைசி இரண்டு சுற்றில் ஆர்டிஸ் சிரித்தார். கை சூடாக இருந்தது. அது வெண்டெலுக்குப் பெரிய நிம்மதி. மனிதர் நாலு பேரிடம், "பதினாறு வாரம் வர்றோம்," என்று தானாகவே சொல்லிக்கொண்டார்.

திரும்பும்போது வண்டிக்குள் சூடு ஏற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஊர் எல்லையைத் தாண்டி முதல் மைல் முடிவதற்குள், ஆர்டிஸ் ஜிப்பைச் சர்ரென்று இறக்கி, கோட்டைக் கழற்றி இருவருக்கும் நடுவில் எறிந்தார். உள்ளே, வகுப்பில் ஆடிய அதே பூப்போட்ட மெல்லிய கோடைகாலச் சட்டை.

"அப்பாடா! வெண்டெல், கொஞ்சம் குறைச்சு வையேன். மனுஷி உக்கார முடியல."

வெண்டெல் கோட்டைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். சாலையைப் பார்க்க மறந்துபோனார்.

"வர்றப்பவும் இதே சூடுதானே ஆர்டி? அப்ப மட்டும் உனக்கு எப்படிக் குளிர்ந்துச்சு?"

"அப்ப கோட்டுக்குள்ள எட்டுப் பொட்டலம் ஐஸ் பட்டாணி இருந்துச்சு. ரோட்டைப் பார்த்து ஓட்டு."